உண்டியல் முதல் கைப்பேசி வரை: கடல் கடந்த உழைப்பின் பணம் ஊர் வந்த வரலாறு



நம் பகுதியில் வெளிநாட்டு வருவாயின் துணையின்றி எழுந்த வீடுகளை எண்ணிவிடலாம். 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவான பின்னர், கடைசல், பற்றவைப்பு, மின்பணி ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்த இளைஞர்கள் இங்கே பெருகினர். 1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததும் வளைகுடா நாடுகள் கட்டுமானப் பணிகளில் இறங்கின. கைத்தொழில் அறிந்தவர்கள் அங்கே அழைக்கப்பட்டனர். அவர்கள் சென்ற கதையைப் பலரும் எழுதியுள்ளனர். அவர்கள் ஈட்டிய பணம் வீடு வந்து சேர்ந்த கதை அவ்வளவாக எழுதப்படவில்லை. அதனைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

வளைகுடாவில் வழங்கிய நம் ரூபாய்

இன்று திர்ஹமையும் ரியாலையும் ரூபாயாக மாற்றுவதற்குக் கணக்குப் பார்க்கிறோம். ஒரு காலத்தில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. குவைத், பஹ்ரைன், கத்தர், துபாய், ஓமன் ஆகிய இடங்களில் இந்திய ரூபாயே புழங்கியது. அங்கே ரூபாயைக் கொடுத்துத் தங்கம் வாங்கி இந்தியாவுக்குக் கடத்துவோர் பெருகியதால், நம் அந்நியச் செலாவணி கரைந்தது. அதனைத் தடுக்க 1959-இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென வேறு நிறத்தில் தனி நோட்டுகளை வெளியிட்டது. ஹஜ் பயணிகளுக்காகவும் 10 ரூபாய், 100 ரூபாய் மதிப்பில் தனி நோட்டுகள் அச்சிடப்பட்டன என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

குவைத் 1961-இல் சொந்த தினாரை வெளியிட்டது; பஹ்ரைன் 1965-இல் அவ்வழியே சென்றது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு, ஒரு டாலருக்கு 4.76 என்பதிலிருந்து 7.50 ஆகக் குறைக்கப்பட்டது. ரூபாயில் சேமித்திருந்த வளைகுடா மக்கள் ஒரே நாளில் இழப்புக்கு உள்ளாயினர். அதன்பின் கத்தரும் துபாயும் ரூபாயைக் கைவிட்டன. ஓமனில் மட்டும் 1970 வரை அது நீடித்தது. பணத்தை எந்த நாணயத்தில் வைத்திருக்கிறோம் என்பதே ஒரு செலவாகவோ வரவாகவோ மாறக்கூடும் என்பது அன்று கிடைத்த பாடம்.

வரைவோலையும் உண்டியலும்

வங்கி வழி அதற்கு முன்பே திறக்கப்பட்டிருந்தது. கடல் கடந்த தமிழரின் வணிகத்தை எண்ணி, 1937 பிப்ரவரி 10 அன்று மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் தொடங்கப்பட்டது. எனினும் சாதாரணத் தொழிலாளியின் குடும்பத்துக்கு வங்கி எளிதாக எட்டவில்லை.

1983-இல் என் தந்தையார் வளைகுடாவிலிருந்து அனுப்பிய வரைவோலை, பதிவு அஞ்சலில் எங்கள் கைக்கு வர மூன்று வாரங்கள் ஆயின. அது சென்னையின் தலைமைக் கிளையில் மட்டுமே செல்லும் என்று கூறிவிட்டனர். என் தாயார் அம்பத்தூரிலிருந்து பாரிமுனைக்கு இருமுறை பேருந்தில் சென்று திரும்பினார். பணம் வரவாகும்வரை வீட்டுச் செலவுக்காகத் தம் வளையல்களை அடகு வைத்தார். அடகுக் கடையில் கட்டிய வட்டி எந்த வங்கிச் சீட்டிலும் எழுதப்படவில்லை. ஆயினும் அந்த வரைவோலைக்கு நாங்கள் கொடுத்த உண்மையான விலை அதுவேயாகும்.

உண்டியல்காரரிடம் மக்கள் சென்றதன் காரணம் இதிலிருந்து விளங்கும். அங்கே திர்ஹமைக் கொடுத்தால் இங்கே மறுநாள் வீட்டு வாசலில் ரூபாய் கிடைக்கும். ஹவாலா என்னும் அரபுச் சொல்லுக்கு மாற்றிக் கொடுத்தல் என்பது பொருள். அது முற்காலத்தில் வணிகர்களின் நேர்மையான வழக்கமாகவே இருந்தது. ஆனால் நம் நாட்டில் 1973-இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமும், அதற்கு மாற்றாக 2000 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த செலாவணி மேலாண்மைச் சட்டமும் இவ்வழியை அனுமதிக்கவில்லை. பணம் வராமற்போனால் முறையிட இடமில்லை. வந்தாலும் வீடு, மனை வாங்கும்போது காட்டுவதற்குச் சான்று இல்லை.

விரைவு வந்தது, செலவு மறைந்தது

1990-களில் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் வந்தன. 2001-இல் நம் அஞ்சலகங்களிலும் வெஸ்டர்ன் யூனியன் சேவை தொடங்கியது. 2005-இல் நெஃப்ட் முறை வந்ததும், நாட்டுக்குள் எந்தக் கிளைக்கும் பணத்தை மாற்றுவது எளிதாயிற்று. ஐக்கிய அரபு அமீரகம் 2009-இல் ஊதியத்தை வங்கி வழியே வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. 2016-இல் பிறந்த யுபிஐ, 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் முறையுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு அமீரகம், சவூதி, கத்தர், ஓமன், சிங்கப்பூர் உள்ளிட்ட 10 நாடுகளின் கைப்பேசி எண்களைக் கொண்டே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த வழி செய்யப்பட்டது.

மூன்று வாரம் என்பது இன்று மூன்று நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் செலவு ஒழிந்துவிடவில்லை. உலக வங்கியின் கணக்குப்படி 200 டாலர் அனுப்புவதற்கு உலக அளவில் சராசரியாக 6 விழுக்காடு அளவில் செலவாகிறது. இதனை 2030-க்குள் 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்வோரும், மாற்று விகிதத்தில் அதனை எடுத்துக்கொள்வதுண்டு. ஒரு திர்ஹமுக்கு 25 காசு குறைத்துக் கொடுத்தால், 2,000 திர்ஹம் அனுப்புபவர் மாதம் 500 ரூபாயும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் இழக்கிறார். ஒரு பிள்ளையின் பள்ளிப் புத்தகச் செலவு அதில் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியவை

எத்தனை ரூபாய் கைக்கு வரும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, இரண்டு மூன்று நிறுவனங்களை ஒப்பிடுங்கள். சிறுசிறு தொகையாகப் பலமுறை அனுப்பினால், ஒவ்வொரு முறையும் கட்டணம் போகும். வெளிநாடு சென்று வெளிநாடுவாழ் இந்தியர் நிலை பெற்றவர், ஊரில் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவது சட்டப்படி அவசியம். வெளிநாட்டு வருவாயை என்.ஆர்.இ. கணக்கில் வைத்தால் மீண்டும் வெளியே எடுத்துச் செல்லத் தடையில்லை. வங்கியில் பதிந்துள்ள கைப்பேசி எண்ணுக்கு உரிய காலத்தில் பணம் கட்டுங்கள். எண் பறிபோனால் கணக்கைத் திறக்கும் சாவியே பறிபோகும். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வின்படி, இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் சுமார் 10 விழுக்காடு தமிழகத்துக்கு வருகிறது. அத்தொகைக்குப் பின்னால், வெயிலில் நின்று உழைத்த நம் பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்கள் அனுப்புவது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது வழியில் சிந்தாமல் வந்து சேர்வதற்கு, கணக்கறிந்த நம் இளைஞர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் அருகில் அமர்ந்து உதவ வேண்டும். என் தாயார் பாரிமுனைக்கு நடையாய் நடந்த நாளில், அருகில் அமர்ந்து விளக்க ஒருவர்கூட இருக்கவில்லை.