வீட்டுக்குள் வந்த லிஃப்ட்

லிஃப்ட் என்றதும் ஆஸ்பத்திரியும் ஜவுளிக்கடையும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் அது ஆரம்பத்திலேயே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. என்ன, அந்த வீடு அரண்மனை!

1743-ல் பிரான்சின் வெர்சாய் அரண்மனையில், 15-ம் லூயி மன்னர் காலத்தில் 'பறக்கும் நாற்காலி' ஒன்று அமைத்தார்கள். கயிற்றின் ஒரு முனையில் ஆள், மறுமுனையில் எதிர் எடை. நம் மதுரைப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறைத்த ஏற்றமும் இதே தத்துவம்தான். இன்றைய கயிற்று லிஃப்டிலும் எதிர் எடை பாதிச் சுமையைத் தாங்குவதால், மோட்டாருக்கு வேலை குறைவு.

சரி, கயிறு அறுந்தால்? 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் ஒரு மேடையில் ஏறி நின்று, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி நின்றுவிட்டது. அவர் பொருத்தியிருந்த பாதுகாப்புத் தடைதான் காரணம். லிஃப்டில் ஏற மக்களுக்குத் தைரியம் வந்தது. 1892-ல் கல்கத்தாவில் வைஸ்ராய் மாளிகைக்கும் ஓட்டிஸ் லிஃப்ட் வந்தது.

இன்று மதுரையில் இரண்டு சென்ட் இடத்திலும் மாடி மேல் மாடி எழுப்புகிறோம். முழங்கால் வலியுள்ள தாத்தா, பாட்டிக்கு அந்தப் படிகளே சிறை. அவர்களுக்கு லிஃப்ட் ஆடம்பரம் அல்ல. வீட்டு வரைபடம் போடும்போதே அதற்கு இடம் விட வேண்டும். கீழே பள்ளமும் மேலே உயரமும் தேவை. கரண்ட் போனால் அருகிலுள்ள தளத்தில் கொண்டு நிறுத்த பேட்டரி வசதியும் வேண்டும். தமிழ்நாடு லிஃப்ட் சட்டம், 1997-ன்படி அமைக்க அனுமதியும் இயக்க உரிமமும் அவசியம்.

லிஃப்ட் வாங்கப் போகிறவர்கள் கதவின் பளபளப்பைப் பார்க்கும் முன், அந்தப் பழைய கேள்வியைக் கேளுங்கள்: கயிறு அறுந்தால் என்ன ஆகும்?