'மூன்றாவது மனிதன்' திரைப்படமும் வியன்னா நகரும்: படப்பிடிப்பிடங்கள் வழியாக ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரின் வரலாற்றை ஆராய்வோர் ஆவணங்களையும் கட்டடங்களையும் பயணக் குறிப்புகளையும் மூலங்களாகக் கொள்வது வழக்கம். இருபதாம் நூற்றாண்டைப் பொறுத்தவரை இவற்றோடு திரைப்படத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. எனினும், திரைப்படம் எத்தகைய சான்று, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம், எவ்விடத்தில் அது பேசாதிருக்கின்றது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படுவதில்லை. கரோல் றீட் நெறிப்படுத்தி 1949ஆம் ஆண்டு வெளிவந்த 'மூன்றாவது மனிதன்' என்னும் பிரித்தானியத் திரைப்படம் படமாக்கப்பட்ட இடங்களை வியன்னா நகரில் நடந்து பார்த்ததன் பயனாக இக்கட்டுரை எழுந்தது. மாணவப் பருவம் முதல் நாம் பலமுறை விரும்பிப் பார்த்த படம் அது. விருப்பம் ஆய்வை மறைத்துவிடக் கூடாது என்னும் எச்சரிக்கையுடனேயே இதனை எழுத முற்படுகின்றோம்.

படப்பிடிப்பு நிகழ்ந்த இடம் எல்லாம் அப்படத்தின் கதைக்குச் சான்றாகிவிடுவதில்லை. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' நமது நாட்டிலே, களனி கங்கைக் கரையிலுள்ள கித்துள்கலவில் படமாக்கப்பட்டது. ஆனால் அங்கே நம் ஆறு சியாம் தேசத்து ஆறாக நடித்தது. கித்துள்கலவுக்குச் செல்பவர் படத்தின் வரலாற்றைக் காணலாமேயன்றிப் படம் கூறும் வரலாற்றைக் காண்பதற்கில்லை. 'மூன்றாவது மனிதன்' படத்திலோ வியன்னா தன்னையே நடித்தது. அதுவே இப்படத்தை வரலாற்று மாணவனுக்கு உரியதாக்குகின்றது.

நான்கு வல்லரசுகளின் நகரம்

1945ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே சோவியத் படைகள் வியன்னாவைக் கைப்பற்றின. அதற்கு முந்திய மாதத்துக் குண்டுவீச்சில் நகரின் இசைநாடக அரங்கு எரிந்துபோனது. ஏப்ரிலில் புனித ஸ்தேவான் பேராலயத்தின் கூரையும் தீக்கிரையாயிற்று. பின்னர் நகரம் சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு என்னும் நான்கு வல்லரசுகளிடையே பிரிக்கப்பட்டது. நகரின் நடுப்பகுதியான முதலாவது வட்டாரம் மட்டும் நால்வருக்கும் பொதுவாக விடப்பட்டது. அதன் பொறுப்பு மாதந்தோறும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறியது. நான்கு நாட்டு வீரரும் ஒரே ஜீப் வண்டியில் காவல் சுற்றிய காட்சி அக்காலத்து வியன்னாவின் அடையாளமாயிற்று. 1955ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி பெல்வடேர் மாளிகையில் ஒஸ்திரிய அரசு உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரே இந்நிலை முடிவுற்றது.

எழுத்தாளர் கிரஹாம் கிறீன் 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நகருக்கு வந்தார். நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்களைக் காவல்செய்யும் பொலிஸ் பிரிவு பற்றியும், பெனிசிலின் கள்ளச் சந்தை பற்றியும் அவர் இங்கே கேள்வியுற்றார். இவ்விரு செய்திகளுமே கதையின் இரு தூண்களாயின. 1928இல் கண்டறியப்பட்ட பெனிசிலின், போர்க்காலத்திலேயே பேரளவில் உற்பத்தி செய்யப்படலாயிற்று. போர் முடிந்த பின்னரும் மத்திய ஐரோப்பாவிலே பொதுமக்களுக்கு அது எட்டாத பொருளாகவே இருந்தது. எட்டாத மருந்து எங்குண்டோ அங்கே களவும் கலப்படமும் தோன்றும். படத்தில் ஹரி லைம் என்பவன் நீர்த்த பெனிசிலினை விற்க, அதனால் குழந்தைகள் இறக்கின்றனர். கதாபாத்திரம் கற்பனையே, அவனைத் தோற்றுவித்த பஞ்சம் கற்பனையன்று.

இடங்களும் காட்சிகளும்

றீட் 1948ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வியன்னாவில் படப்பிடிப்பை நடத்தினார். உள்ளரங்கக் காட்சிகளுட் பல இங்கிலாந்திலுள்ள ஷெப்பர்டன் கலையகத்திலே எடுக்கப்பட்டன. நாம் நடையைத் தொடங்கியது யோசப் சதுக்கத்திலாகும். இங்குள்ள பல்லவிச்சினி மாளிகையின் வாயிலே படத்தில் லைமின் வீட்டு வாயிலாகக் காட்டப்படுகின்றது. வாயிலைத் தாங்கும் கற்பெண்களும், எதிரே குதிரைமீதமர்ந்த இரண்டாம் யோசப் பேரரசனின் சிலையும் படத்திற் கண்டவாறே நிற்கின்றன. ஆனால் கதையில் அவ்வீட்டுக்குக் கூறப்படும் முகவரி வேறொரு வட்டாரத்துத் தெருவினது. முகவரியை நம்பிச் செல்பவர் வாயிலைக் காணார். படத்தின் புவியியலும் நகரின் புவியியலும் ஒன்றல்ல என்னும் முதற்பாடம் இங்கேயே கிடைத்துவிடுகின்றது.

இறந்துவிட்டான் என நாம் நம்பிய லைம் இருளினின்று முதன்முதலாகத் தோன்றும் வாயிற்படி ஷ்றைபோகல் ஒழுங்கையின் 8ஆம் இலக்க வீட்டினது. அதன் பின்னேயுள்ள பழைய கோட்டைக் கொத்தளத்தின்மேல் பேத்தோவன் வாழ்ந்த பஸ்குவலாட்டி இல்லம் உள்ளது. படத்தில் அவ்வாயிலிலிருந்து ஓடும் லைம் அடுத்த கணமே ஆம் ஹோவ் சதுக்கத்தில் மறைகின்றான். நடந்து பார்த்தால் இடையிலே பல தெருக்கள் குறுக்கிடுகின்றன. அச்சதுக்கத்தில் அவன் இறங்கி மறையும் விளம்பரத் தூணைத் தேடுவோர் ஏமாறுவர். அது படத்துக்கெனவே நிறுத்தப்பட்டது. இரவுத் தெருக்களின் கருங்கற்கள் மின்னுவதும் இயற்கையன்று. ஒளிப்பதிவாளர் றொபேட் கிறாஸ்கரின் ஒளியமைப்புக்காக அவை நீர் தெளித்து நனைக்கப்பட்டன. அவ்வொளிப்பதிவு ஒஸ்கார் விருது பெற்றது.

இவ்வாறாயின் படத்திற் சான்றாக எஞ்சுவது யாது? இடிபாடுகளே என விடை கூறலாம். ஹோஹர் மார்க்ட் சதுக்கத்தைச் சூழ்ந்து படத்திற் காணப்படும் கற்குவியல்களைக் கலை இயக்குநர் எவரும் அமைக்கவில்லை. அவற்றைப் போர் அமைத்தது. இன்று அங்கே போருக்குப் பிந்திய கட்டடங்கள் நிற்கின்றன. லைமின் கூட்டாளிகள் சந்திக்கும் றைக்ஸ் பாலமும் அத்தகையதே. 1937இல் கட்டப்பட்டு, போரிலே அழியாது தப்பிய அப்பாலம் 1976ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி தானாகவே இடிந்து வீழ்ந்தது. இன்றுள்ள பாலம் 1980இல் திறக்கப்பட்டது. ஆற்றங்கரையில் நின்று புதிய பாலத்தை நோக்கியபோது, பழைய பாலத்தை மீண்டும் காண வேண்டின் படத்திடமே செல்ல வேண்டும் என்பதை உணர்ந்தோம். கற்பனைக் கதையொன்று தான் எண்ணாமலே ஆவணமாகிவிட்டது.

படம் நகரின் அரசியல் அமைப்பையும் நுட்பமாகப் பற்றிக்கொள்கின்றது. லைம் பதுங்கியிருப்பது சோவியத் பகுதியில். அவன் நண்பனைச் சந்திக்கும் பிராட்டர் பூங்கா அமைந்த இரண்டாம் வட்டாரமும் சோவியத் பகுதியே. ஆகவே பிரித்தானிய அதிகாரி அங்கே அவனைப் பிடிக்க இயலாது. நிலத்தின்மேல் நான்கு ஆட்சிகள். நிலத்தின்கீழ் ஆட்சி எல்லை அறியாத கால்வாய்கள். 1830களில் வாந்திபேதிக் கொள்ளைநோயின் பின்னர் வீன் ஆற்றின் இருமருங்கும் அமைக்கப்பட்ட கால்வாய்கள் இவ்வலைப்பின்னலின் பழைய பகுதிகளாகும். நோயினின்று நகரைக் காக்க வெட்டப்பட்ட கால்வாயிலே, நோய்க்கு மருந்தெனப் பொய்ம்மருந்து விற்றவன் வேட்டையாடப்படுகின்றான். இப்பொருத்தத்தைக் கிறீன் எண்ணியே அமைத்தாரோ அல்லரோ, நகரப் பூங்காவிலே ஆறு நிலத்தடியினின்று வெளிப்படும் வளைவின்முன் நிற்பவர்க்கு அது தோன்றாமற் போகாது.

படம் பேசாதவை

படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி பிராட்டர் பூங்காவின் இராட்சதச் சக்கரத்திலே நிகழ்வது. 1897இல் எழுப்பப்பட்ட இச்சக்கரம் ஏறத்தாழ 65 மீற்றர் உயரமுடையது. 1944இல் தீயில் அழிந்து 1947இல் மீண்டும் சுழலத் தொடங்கியது. முன்னர் 30 பெட்டிகளைக் கொண்டிருந்த அது, அழிவின் பின்னர் 15 பெட்டிகளோடு மட்டுமே இயங்கிவருகின்றது. உச்சியிலிருந்து கீழே நோக்கும் லைம், அங்கே அசையும் மனிதரை வெறும் புள்ளிகளாகக் காண்கின்றான். ஒரு புள்ளி அசையாது நின்றுவிட்டால் யாருக்கு இழப்பு என்பது அவன் வாதத்தின் சாரம்.

அப்பெட்டியில் ஏறி நாமும் கீழே நோக்கினோம். அப்போது நினைவுக்கு வந்தது அச்சக்கரத்தின் உடைமையாளராயிருந்த எடுவாட் ஸ்ரைனரின் வரலாறு. யூதரான அவரிடமிருந்து 1938இல் சக்கரம் பறிக்கப்பட்டது. 1944இல் அவர் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். மனிதரைப் புள்ளிகளாகக் கண்ட ஓர் ஆட்சி, இச்சக்கரத்தின் சொந்தக்காரரையே அவ்வாறு கண்டு அழித்தது. படம் எடுக்கப்பட்டபோது அவர் இறந்து நான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன. படத்தில் இதுபற்றி ஒரு சொல்தானும் இல்லை.

இம்மௌனம் சக்கரத்தோடு நிற்பதன்று. யோசப் சதுக்கத்திலிருந்து ஹொவ்பேர்க் அரண்மனையூடாகச் சிறிது தூரம் நடந்தால் வீரர் சதுக்கம் வரும். 1938ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி ஹிற்லர் பெருந்திரளின் ஆரவாரத்திடையே உரையாற்றிய இடம் அது. விளம்பரத் தூண் நின்ற ஆம் ஹோவ் சதுக்கத்தின் மறுபுறத்தே யூதர் சதுக்கம் உள்ளது. கொல்லப்பட்ட ஏறத்தாழ 65,000 ஒஸ்திரிய யூதருக்கான நினைவுச்சின்னம் 2000ஆம் ஆண்டு அங்கே திறந்துவைக்கப்பட்டது. பிரித்தானியச் சிற்பி றேச்சல் வைற்றீட் அமைத்த அச்சின்னம், முதுகைக் காட்டாது ஏடுகளின் விளிம்பையே வெளிக்காட்டி அடுக்கப்பட்ட நூல்களையுடைய நூலகம் ஒன்றின் வடிவினது. நூல்களின் பெயர்களை வாசிக்க இயலாது. பட இடங்களை மட்டுமே தேடி நடப்பவர் இதனை அறியாமலே கடந்துவிடலாம்.

இம்மௌனத்துக்குப் படக்குழுவினரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. ஒஸ்திரியா ஹிற்லரின் ஆக்கிரமிப்புக்கு முதற்பலியான நாடு என நேச வல்லரசுகள் 1943ஆம் ஆண்டு மொஸ்கோப் பிரகடனத்தில் அறிவித்தன. அதே பிரகடனம் போரில் ஒஸ்திரியாவுக்குரிய பொறுப்பையும் சுட்டியது. பலி என்ற பகுதியை நாடு பற்றிக்கொண்டது. பொறுப்பு என்ற பகுதியை மறந்தது. 1991ஆம் ஆண்டு யூலை மாதத்திலேயே அரசுத் தலைமை அமைச்சர் பிரான்ஸ் வ்ரனிற்ஸ்கி, ஒஸ்திரியர் இழைத்த தீங்குகளுக்கான பங்குப்பொறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். 1948இல் எடுக்கப்பட்ட படம் அக்காலத்து மௌனத்தையும் தன்னுட் பதிவுசெய்திருக்கின்றது. ஆராய்வோனுக்கு அம்மௌனமும் ஒரு சான்றே. பரன் குர்ட்ஸ் என்னும் பாத்திரத்தை ஏற்ற ஏர்ன்ஸ்ட் டொய்ச், நாசிகளால் நாடு நீங்கியிருந்து போரின் பின் வியன்னா திரும்பிய யூத நடிகர் என்பதை அறிந்து பார்த்தால், படம் சொல்லாத கதை அவர் முகத்திலேயே நடமாடுவதைக் காணலாம்.

முடிவுரை

எமது நடை மத்திய மயானத்தில் முடிந்தது. 1874இல் திறக்கப்பட்ட அம்மயானத்தின் மரநிழற் பாதையிலேதான் படமும் முடிகின்றது. லைமை அடக்கம் செய்தபின், அவனை நேசித்த அன்னா நெடுந்தொலைவிலிருந்து நடந்து வருகிறாள். காத்து நிற்பவனைப் பாராமலே கடந்து போகிறாள். இருவரும் இணையும் முடிவையே கிறீன் விரும்பினார். றீட் அதற்கு இணங்கவில்லை. றீட் செய்ததே சரியென்று கிறீன் பின்னர் ஒப்புக்கொண்டார். அழிவின் பின்னர் எல்லாம் பழையபடி கூடிவிடும் என்று கூறாமை இப்படத்தின் நேர்மையாகும்.

படத்தை விரும்புவோர் அதன் இடங்களைத் தேடிச் செல்வதை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் தகாது. படத்தைக் கையிற்கொண்டு நகரை வாசிக்கலாம். நகரைக் கையிற்கொண்டு படத்தையும் வாசிக்க வேண்டும். முன்னையதை மட்டும் செய்பவர் சுற்றுலாப் பயணியாக மீள்வர். பின்னையதையும் செய்பவரே, படச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யாவர் என்று கேட்கத் தொடங்குவர். எமது நகரங்களும் ஊர்களும் படச்சுருளிற் பதிவாகியுள்ளன. அவற்றைப் பார்க்கும்போதும் இவ்வினாவை நாம் எழுப்புவோமாயின், இந்நடை வீண்போகவில்லை எனக் கொள்ளலாம்.