எலும்புக்கூட்டிலிருந்து ஒளியுடல் வரை

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "சார், சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும். ஆனா ராஜகோபாலசுவாமி கோயிலைப் பத்தி ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க" என்றார். சரி, கோயிலை விட்டுவிட்டேன். என் வீட்டில் மூன்று மாதமாக நடக்கிற ஒரு வழக்கை எழுதுகிறேன். அதுவும் சரித்திரத்தில்தான் போய் நிற்கிறது.

என் காலத்துக்குப் பிறகு உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதென்று படிவம் வாங்கி வந்தேன். சம்சாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் படிக்கும் பேத்தி வேறொரு வாதம் கொண்டுவந்தாள். "தாத்தா, இனிமே பாடி எதுக்கு? ஒரு கண்ணாடி மாட்டிக்கிட்டா இதயம் அந்தரத்துல நிக்குது. சுத்தி வந்து பார்க்கலாம். பயிலரங்குல நானே பார்த்தேன்!" வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று பாட்டிக்கு.

நண்பர்களே, நம் விலங்கியல் ஆய்வகம் நினைவிருக்கிறதா? வயல்காட்டில் பிடித்த தவளைகள் கோணிச் சாக்கில் வந்து இறங்கும். மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி, நரம்பு அறுந்துவிடாமல் எடுத்துக் காட்டினால்தான் மதிப்பெண். இன்றைய மாணவர்களுக்கு அது தெரியாது. கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் தடை செய்துவிட்டது. தவளை கணிப்பொறிக்குள் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மனித உடலும் அப்படியே போய்விடலாமா?

அறுக்காமல் அறிந்துகொள்ளும் ஆசை புதிதல்ல. வடுவூர் வழியாகப் பஸ் ஏறினால் வரும் தஞ்சாவூரிலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் மருத்துவத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். கண் நோயாளிகளின் விவரங்களைப் படங்களோடு எழுதி வைக்கச் செய்தார். சரஸ்வதி மகாலில் அவை இன்றும் இருக்கின்றன. உடற்கூறு கற்கவும் விரும்பினார். மனித எலும்பைத் தொட ஆசாரம் இடங்கொடாததால் செயற்கை எலும்புக்கூட்டை நாடினார். ஐரோப்பாவிலும் இதே ஆசைதான். புளோரன்ஸ் நகரில் 1775-இல் திறந்த காட்சிசாலையில் மெழுகாலான உடல்களை வைத்தார்கள்.

தயக்கம் உடைந்தது கல்கத்தாவில். மதுசூதன குப்தர் என்ற வைத்தியர் 1836-இல் சடலத்தை அறுத்தார். அன்று கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக்கூடச் சொல்லுவார்கள்.

தமிழுக்கு உடற்கூறு வந்தது யாழ்ப்பாணத்து மானிப்பாயில். அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன் அங்கே தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஹென்றி கிரே 1858-இல் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூறு நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-இல் தமிழில் வந்தது. ஆனால் கிரேயின் நூலே சடலங்களை அறுத்துப் பார்த்து உருவானதுதான். எலும்புக்கூடு, மெழுகு, புத்தகம் எல்லாமே யாரோ ஒருவரின் உடலிலிருந்து எடுத்த நகல்கள்.

இப்போது பேத்தியின் கண்ணாடிக்கு வருவோம். கலப்பு மெய்ம்மை என்கிறார்கள். எதிரே இருக்கும் அறையும் தெரியும், அதற்குள் ஒளியாலான உடலும் தெரியும். பத்துப் பேர் மாட்டிக்கொண்டால் பத்துப் பேரும் ஒரே இதயத்தைச் சுற்றி நிற்கலாம். மைக்ரோசாப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியைக் கொண்டு அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் இப்படி ஒரு பாடமுறையை உருவாக்கியது. 2020-இல் கொரோனாவால் கல்லூரி மூடியபோது மாணவர்கள் வீட்டிலிருந்தே அதில் படித்தார்கள். ஃபார்மலினில் ஊறி ஒரே பழுப்பாகிவிடும் சடலத்தில் பிரித்தறியக் கஷ்டமான மூளைப் பாதைகளைக்கூட வண்ண வண்ணமாகப் பார்க்கலாம். நிச்சயம் பெரிய உதவிதான். ஆனால் கருவிக்கும் ஆயுசு உண்டு. அந்தக் கண்ணாடியின் தயாரிப்பை 2024-இல் நிறுத்திவிட்டார்கள்!

போன மாதம் லீவில் வந்த பேத்தி சாப்பிடும்போது தானாகச் சொன்னாள்: "தாத்தா, எங்க மேஜையில இருக்கிறவருக்குக் கை ரத்தக்குழாய் முழங்கைக்கு மேலேயே ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. புத்தகத்துல கீழேதான் பிரியும். அன்னிக்குக் கண்ணாடியிலயும் கீழேதான் இருந்துச்சு."

நான் கேட்டேன்: "நாளைக்கு உன்கிட்ட வர்ற நோயாளி புத்தகம் மாதிரி இருப்பாரா, அவரு மாதிரி இருப்பாரா?" அவள் பதில் சொல்லவில்லை. பாட்டி ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அவரு யாரு, பேர் என்ன?" பேத்தி சொன்னாள்: "தெரியாது பாட்டி. முதல் நாள் அவர் முன்னால நின்னு உறுதிமொழி எடுத்தோம். சடலம்தான் முதல் ஆசான்னு எங்க பாடத்திட்டத்துலயே இருக்கு."

உரிமை கோராத உடல்களை மருத்துவக் கல்லூரிக்குத் தர 1951-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அப்படிப் போன பலரை யாரும் சம்மதம் கேட்டதில்லை. என்னைக் கேட்கிறார்கள், நான் சரி என்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைய மாணவர்கள் கண்ணாடியில் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் கைக்குத் தெரிய வேண்டியதைக் கைதான் படிக்க வேண்டும்.

படிவத்தில் என் கையெழுத்து மட்டும் போதாது. கடைசியில் உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். சம்சாரத்தின் கையெழுத்து இன்னும் பாக்கி. ஆனால் படிவத்தைப் பரணில் போட்டிருந்தவள், இப்போது எடுத்துச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள்.