குழந்தை வளர்ச்சிக் குன்றல்

வயதுக்கேற்ற உயரமின்றிக் குழந்தையின் உடல் குறுகி நிற்கும் நிலை. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவைகளின்படி, அவ்வயதுக்குரிய நடு உயரத்தினின்றும் இரு திட்டவிலக்கங்களுக்கு மேல் தாழ்ந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இதில் அடங்குவர். கர்ப்பிணியின் போஷாக்கின்மையும், ஆறு மாதத்துக்குப் பின் ஊட்டும் உணவு வெறுங் கஞ்சியளவில் நின்று முட்டை, பால், பருப்பு முதலியன சேராதிருப்பதும், அசுத்தத்தால் மீண்டும் மீண்டும் வரும் வயிற்றுப்போக்கு குடலின் கிரகிக்கும் சக்தியைக் குலைப்பதும் இதன் பிரதான காரணங்களாம்.

பரம்பரையின்மீது பழியைப் போட்டுக் கைவிடுவது சுலபமான சமாதானம்; அச்சமாதானம் செல்லாதென்பதைத் தென் அமெரிக்காவின் பெரு நாடு காட்டிற்று. ஆண்டீஸ் மலைவாசிகள் மிகுந்த அந்நாட்டில், 2008-இல் ஏறத்தாழ நூற்றுக்கு 28 ஆக இருந்த குன்றல், 2016-இல் 13 ஆகக் குறைந்தது. 2005-இல் தொடங்கிய ஹுந்தோஸ் திட்டம், குழந்தைகளைத் தவறாது வைத்தியப் பரிசோதனைக்குக் கொணர வேண்டுமென்ற நிபந்தனையோடு ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் வழங்கியது. அரசாங்க நிதி ஒதுக்கீடும், தடுப்பூசி, வளர்ச்சிக் கண்காணிப்பு முதலியவற்றில் விளைந்த பலனோடு பிணைக்கப்பட்டது. அக்காலத்துப் பொருளாதாரச் செழிப்பும் இதற்குத் துணைநின்றதை மறைக்க வேண்டுவதில்லை.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே அளித்தல், கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை, பிரசவங்களுக்கிடையே போதிய இடைவெளி ஆகியன யாவரும் ஒப்புக்கொண்ட பரிகாரங்கள். சுகாதார வசதியைப் பற்றிய நம்பிக்கையோ சற்றே தளர்ந்துள்ளது: வங்காளதேசம், கென்யா, ஸிம்பாப்வே நாடுகளில் நடந்த பெரும் பரிசோதனைகளில், நீர், கழிப்பிடம், கைகழுவும் வசதி இவற்றை மட்டும் பெற்ற குழந்தைகளின் உயரம் கூடவில்லை, சத்துணவு பெற்ற குழந்தைகளுக்குச் சிறிதளவு கூடிற்று.