பயணம் இலவசம், குடையும் இலவசம்

பெங்களூரில் நான் வேலை பார்த்த ஸ்டார்ட்அப் ஒருநாளும் லாபம் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் கைக்காசு போட்டுத் தள்ளுபடி கொடுத்தோம். ஒருநாள் முதலீட்டாளர்கள் "லாபம் எப்போ?" என்று கேட்டார்கள். பதிலாக எங்கள் டீமைக் கலைத்தார்கள். நான் ஊருக்கு வந்தேன்.

சும்மா இருக்க முடியாமல் பாஞ்சாலங்குறிச்சிக்கு பைக்கை விட்டேன். அங்கே நிற்பது 1974-இல் கட்டிய நினைவுக் கோட்டை. பழையதை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தது 1906 அக்டோபர் 16. இந்த ஒற்றுமையில் உருகிப்போகலாம். எனக்கு அன்று கண்ணில் பட்டது அதன் கணக்குதான்.

மூலதனம் 10 லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஊர் ஊராகப் போய்த் திரட்டிய பணத்தில் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 பேருக்கு மேல் கொழும்பு போகலாம். எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அது கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவர்கள் பயணமே இலவசம், கூட ஒரு குடையும் என்றார்கள். எங்கள் ஆபீசில் இதற்கு 'மார்க்கெட் பிடிப்பது' என்று பெயர். யார் பை பெரிதோ அவர் கடைசிவரை நிற்பார். வெள்ளைக்காரன் பை பெரிது.

இயக்குநர்களில் சிலர், அரசியலை விட்டுவிட்டுக் கம்பெனியைக் கவனிக்கும்படி வ.உ.சி.யை நெருக்கினார்கள். அவரோ 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச்சில் கைது. ஜூலையில் நாற்பது ஆண்டுத் தண்டனை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

காலேஜில் படிக்கும்போது அந்த இயக்குநர்களைத் துரோகிகள் என்றே நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்தவன் காசைக் கையில் வைத்திருப்பவனின் பயம் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று. 'அரசியலை விடு' என்றவர்கள் ஒரு விஷயத்தை மறந்தார்கள். 25 ரூபாய் கொடுத்தவர்களில் பலர் கொடுத்ததே அந்த அரசியலை நம்பித்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நஷ்டத்தில் ஓடும் இரண்டு கப்பல்கள். இலவசக் குடையை மறுத்துக் காசு கொடுத்து ஏற ஒருவருக்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? எங்கள் ஸ்டார்ட்அப்புக்கு அப்படி ஒரு காரணமே இருந்ததில்லை. தள்ளுபடியை நிறுத்திய மறுநாளே கஸ்டமர்கள் போய்விட்டார்கள்.

அன்றிரவு ஸ்ரீவைகுண்டத்தில் ஆச்சி வீட்டு மொட்டை மாடியில் படுத்தேன். தாமிரபரணி அணைக்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் விடாமல் கேட்டது. "இந்தச் சத்தம் இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராதுல" என்றாள் ஆச்சி. பல மாதங்களாகப் பாதி ராத்திரியில் எழுந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அன்று விடியும்வரை தூங்கினேன்.

காலையில் வேலைக்கு இரண்டு இடங்களில் விண்ணப்பித்தேன். இரண்டிலும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "டிஸ்கவுண்டை நிறுத்தினா உங்க கஸ்டமர் எதுக்கு இருப்பாங்க?"