புன்னகைச் சகோதரி பெற்ற பரிசு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் வழங்கப்பெறும் கிராமி விருது, பழைய கிராமபோன் பெட்டியிலிருந்து தன் பெயரையும் உருவத்தையும் பெற்றது. 1957-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய இசைப்பதிவுக் கலை, அறிவியல் அகாதெமி, 1959 மே 4-ஆம் நாள் முதன்முதலாக இவ்விருதுகளை அளித்தது. ஆண்டின் தலைசிறந்த இசைத்தட்டு என்று அன்று தேர்வு பெற்றது ஆங்கிலப் பாடலன்று, ஓர் இத்தாலியப் பாடல். இன்று உலகெங்கும் மக்கள் கண்டு களிக்கும் இவ்விழா, 1971 வரை நேரடியாக ஒளிபரப்பப்பட்டதில்லை. இசைத்தட்டுத் தொழிலைச் சார்ந்தோர் ஒன்றுகூடி, தம்முள் வாக்களித்துத் தேர்ந்தோரைப் பாராட்டிக் கலையும் விருந்து நிகழ்ச்சியாகவே அது இருந்து வந்தது.

அவ்விழாக்களுள் ஆறாவதை மட்டும் இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். 1964 மே 12-ஆம் நாள் நடைபெற்ற அது, முந்திய ஆண்டின் இசைத்தட்டுகளுக்குரியது. ஹென்றி மான்சினி இசையமைத்த திரைப்பாடல் ஒன்று ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, சிறந்த பாடல் ஆகிய இரு பரிசுகளையும் வென்றது. இருபத்திரண்டே வயது நிரம்பிய பார்பரா ஸ்ட்ரைசாண்ட், ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான விருதைத் தட்டிச் சென்றார். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1963 ஆகஸ்டில் வாஷிங்டனில் திரண்ட பெருங்கூட்டத்தின்முன் தாம் பாடிய பாடலுக்காகப் பீட்டர், பால், மேரி என்னும் மூவர் இரு பரிசுகளைப் பெற்றனர். இவையெல்லாம் இசை வரலாற்று நூல்களில் விரிவாகவே எழுதப்பட்டுள்ளன. நம் கவனத்தை ஈர்ப்பவை, அன்றிரவு பரிசு பெற்ற வேறு இரு பெயர்கள்.

முதலாவது, ஆங்கிலேய இசைமேதை பெஞ்சமின் பிரிட்டன் இயற்றிய 'போர் இரங்கற்பா'. 1940 நவம்பரில் செருமானியக் குண்டுவீச்சால் அழிந்த காவன்ட்ரி பேராலயம் மீண்டும் எழுப்பப்பட்டு 1962 மே மாதம் அருச்சிக்கப்பட்டபோது, அவ்விழாவிற்கென்றே ஆக்கப்பட்ட படைப்பு இது. இறந்தோருக்கான திருப்பலியின் இலத்தீன் மன்றாட்டுகளுக்கிடையே, முதல் உலகப் போர் முடிய ஒரு வாரம் இருக்கையில் களத்தில் மடிந்த வில்பிரட் ஓவன் என்னும் இளங்கவிஞனின் கவிதைகளைப் பிரிட்டன் கோத்தார். ஓர் ஆங்கிலேயர், ஒரு செருமானியர், ஓர் இரஷ்யப் பெண்மணி ஆகிய மூவரும் அருகருகே நின்று பாட வேண்டும் என்பது அவரது வேட்கை. இரஷ்யப் பாடகிக்குச் சோவியத் அரசு அனுமதி மறுத்துவிட்டதால், அரங்கேற்றத்தில் வேறொருவர் பாட நேர்ந்தது. 1963 சனவரியில் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தபோதுதான் மூவரும் ஒன்றாயினர். அவ்விசைத்தட்டுக்கே செவ்வியல் பிரிவில் மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. வெற்றிமாலை சூடிய இசைத்தட்டு பகைவரையும் ஒருசேரப் பாடவைத்த இரங்கற்பா ஒன்று என்பதை நாம் நினைந்து மகிழலாம்.

மற்றொரு பெயருக்குரியவர் ஒரு கன்னியர்.

பெல்ஜியத்தில், நெப்போலியனின் வீழ்ச்சியால் பெயர் பெற்ற வாட்டர்லூவுக்கு அருகில், ஃபிஷெர்மோன் என்னுமிடத்தில் சாமிநாதர் சபையின் மறைபரப்புக் கன்னியர் மடம் ஒன்று உண்டு. ('ஆண்டவருக்குரியவர்' எனப் பொருள்படும் தொமினிக்குஸ் என்ற இலத்தீன் பெயரை நம் முன்னோர் 'சாமிநாதர்' என்று தமிழாக்கிய அழகை இங்குச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை.) 1933-இல் பிரசெல்சில் பிறந்த ழானின் டெக்கர்ஸ், 1959-இல் அம்மடத்தில் சேர்ந்து சகோதரி லூக்-கபிரியேல் ஆனார். கையோடு தம் கித்தாரையும் கொண்டு சென்றார். மடத்திற்குத் தியானம் செய்ய வரும் இளம்பெண்களுக்காக எளிய பாடல்கள் புனைந்து பாடினார். அவற்றைக் கேட்டோர் வீட்டிற்கும் எடுத்துச் செல்ல விரும்பவே, சிறிய அளவில் ஓர் இசைத்தட்டுச் செய்து தருமாறு 1961-இல் மடத்தார் பிலிப்ஸ் நிறுவனத்தை அணுகினர். பதிவைக் கேட்ட நிறுவனத்தாரோ அதனைக் கடைகளுக்கே அனுப்பலாம் எனக் கண்டுகொண்டனர். பாடகிக்கு அவர்களிட்ட பெயர் 'ஸேர் சூரிர்', அதாவது புன்னகைச் சகோதரி.

அப்பாடல்களுள் ஒன்று 'தொமினிக்'. தம் சபையை நிறுவிய புனிதர், வறியவராய் ஊர் ஊராய் நடந்து ஆண்டவரை மட்டுமே பேசித் திரிந்ததைப் பிரெஞ்சு மொழியில் தாலாட்டுப்போல் சொல்லும் பாட்டு. 1963 டிசம்பர் 7 முதல் நான்கு வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்தில் நின்றது. அந்நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு அப்பொழுது இரு வாரங்களே ஆகியிருந்தன. துயருற்ற மக்கள் இப்பாட்டில் ஆறுதல் கண்டனர் என்பர். இருக்கலாம், அதே ஆண்டு சூன் மாதத்தில் ஒரு சப்பானியப் பாடலும் அங்கு முதலிடம் பெற்றதை நோக்கின், புதிய ஓசைக்குச் செவிகொடுக்கும் மனநிலை முன்னரே அங்கிருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம்மை வியப்பில் ஆழ்த்துவது வேறொரு நாளின் நெருக்கம். அதே டிசம்பர் 4-ஆம் நாள்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு உரோமையில் வெளியிடப்பட்டது. தாய்மொழிக்கு வழிபாட்டில் அது இடம் வகுத்தது. மக்களினங்களின் சொந்த இசை மரபை மதிக்கப் பணித்தது. குழல் ஆர்கனை உயர்த்திச் சொல்லிய அதே மூச்சில், தகுந்த பிற கருவிகளுக்கும் கதவு திறந்துவிட்டது. சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடும் அதே நாளில் வெளிவந்தது. நம் ஆலயங்களில் இலத்தீன் ஒலித்த இடத்தில் தமிழ்ப் பாடல்கள் எழுந்ததற்கும் அந்நாளே தோற்றுவாய். ஆயர்கள் அங்குப் பேசி முடிப்பதற்குள்ளாகவே ஒரு கன்னியரின் கித்தார் இங்கு உலகைச் சுற்றி வந்துவிட்டது.

மே மாதம் வந்த கிராமி, 'தொமினிக்' பாடலுக்குச் சமய இசைப் பிரிவில் பரிசளித்தது. அப்பிரிவின் முதல் இரு விருதுகளையும் பெற்றவர் கறுப்பினத் திருச்சபைகளின் மாபெரும் பாடகியாகிய மகேலியா ஜாக்சன். அவருக்கு அடுத்துப் பெல்ஜியக் கன்னியர். ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான போட்டியிலும் ஸ்ட்ரைசாண்டோடு அவர் நின்றார்.

பரிசுக்குப் பின் நடந்தவற்றைச் சொல்லக் கை தயங்குகிறது. ஆயினும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. இசைத்தட்டின் வருவாயிற் பெரும்பகுதி நிறுவனத்துக்கும் எஞ்சியது சபைக்கும் சென்றன. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த சகோதரியின் கைக்கு ஒன்றும் வரவில்லை; அவர் அதனை எதிர்பார்க்கவும் இல்லை. 1966-இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனமொன்று அவர் கதையைப் படமாக்கியது. அது கற்பனையே என்று அவர் ஒதுக்கினார். அதே ஆண்டில் மடத்தையும் விட்டு வெளியேறினார். பொதுநிலையினராய்ப் பாட முயன்றபோதுதான், 'ஸேர் சூரிர்' என்ற பெயரை இனிப் பயன்படுத்த ஒப்பந்தம் தம்மை விடாது என்பதை அவர் அறிந்தார். லூக் தொமினிக் என்ற புதுப்பெயரில் வந்த இசைத்தட்டை வாங்குவோர் இல்லை. கருத்தடை மாத்திரையைப் போற்றி 1967-இல் அவர் பாடிய பாட்டு, மறு ஆண்டு வெளிவந்த திருத்தந்தை ஆறாம் பவுலின் மடலோடு நேருக்கு நேர் முரண்பட்டது. அப்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அதனைக் காட்டி அவரது பிற துயரங்களை நியாயப்படுத்துவதும் அறமாகாது.

1970-களில் பெல்ஜிய வரித்துறை, பழைய வருவாய்க்கு வரி கேட்டு வந்தது. பணம் சபைக்குக் கொடையாகப் போயிற்று என்றார் அவர். அதற்குரிய சீட்டு ஒன்றும் அவரிடம் இல்லை. எந்தத் துறவியிடம் இருந்திருக்கும்? கீழ்ப்படிதலின் பேரில் கையொப்பமிட்டவர் கணக்கேடு வைப்பதில்லை. மடத்தாரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. இத்தகைய செல்வம் கன்னியர் மடமொன்றின் வாயிலில் வந்து குவியும் என எந்தச் சபை ஒழுங்கும் முன்கண்டதில்லை. எனினும் பெயர் ஒருவருடையதாகவும் பணம் பிறருடையதாகவும் ஆனபின், சட்டத்தின் கடன் மட்டும் அவ்வொருவர் தலையில் விழுந்ததை நம் துறவற இல்லங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

கடனை அடைப்பதற்காக 1982-இல் அதே 'தொமினிக்' பாடலை நடன மன்றங்களின் தாளத்தில் மீண்டும் பாடிப் பார்த்தார். பலனில்லை. அவருடன் நெடுநாள் வாழ்ந்த தோழி ஆனி பெஷேர், புறவுலகோடு ஒட்டாத ஆட்டிசக் குழந்தைகளுக்காக நடத்திய பள்ளியும் பணமின்றி மூடப்பட்டது. 1985 மார்ச் 29-ஆம் நாள், வாவர் நகரில் இருவரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். தாம் விசுவாசத்தைக் கைவிடவில்லை என்றும், திருச்சபையின் இறுதிச் சடங்கோடு ஒன்றாகவே அடக்கம் செய்யப்பட விரும்புகிறோம் என்றும் எழுதி வைத்திருந்தனர். வாவர் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் ஒரே இடத்தில் துயில்கின்றனர்.

கிராமி வெற்றியாளர் பட்டியலில், 1963-ஆம் ஆண்டின் சமய இசைத்தட்டுக்கு நேராக, ழானின் டெக்கர்ஸ் என்ற பெயர் இல்லை. அவர் பயன்படுத்தக் கூடாதென விலக்கப்பட்ட அந்தப் பெயரே அங்கு நிற்கின்றது.