அலக்நந்தா: ஓர் இளம் வட்டின் சுருள் கைகள்

ஒரு விண்மீன் மண்டலத்தில் சீரான சுருள் கைகள் தென்பட்டால், அது நெடுங்காலம் அமைதியாகச் சுழன்று முதிர்ந்த அமைப்பு என்று கொள்வது வானியலில் நிலைத்துவிட்ட வழக்கம். புனேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வாடாதேகர் ஆகிய இருவரும் 2025இல் 'அஸ்ட்ரானமி அண்ட் அஸ்ட்ரோபிசிக்ஸ்' இதழில் விவரித்த அலக்நந்தா, பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்த நிலையிலேயே, எதிரெதிரான இரு கைகளுடன் முழுமையான சுருள் வடிவில் காணப்படுவதால், அவ்வழக்கத்தை மீண்டும் எண்ணிப்பார்க்க வைக்கிறது. அக்கைகள் காட்டுவது வட்டின் முதுமையை அன்று, அது அடங்கி ஒழுங்குற்ற விரைவையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

அலக்நந்தா வானில் தெற்கே 30 பாகையில், சிற்பி விண்மீன் குழுவிலுள்ள ஆபெல் 2744 என்னும் மண்டலக் கொத்துக்கு வெகுதூரம் பின்னால் அமைந்துள்ளது. வடக்கே 8 பாகையில் இருக்கும் கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் அப்பகுதி தென்வானில் 51 பாகைக்கு மேல் எழும். புனேயில் அது 41 பாகையைத்தான் எட்டும். ஆயினும் வெறும் கண்ணுக்கோ சிறு தொலைநோக்கிக்கோ அங்கே எதுவும் புலப்படாது. முன்னிருக்கும் கொத்தின் நிறை, பின்னிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெருக்கும் 'ஈர்ப்பு வில்லை'யாகச் செயல்பட்டு அலக்நந்தாவை ஏறத்தாழ இரு மடங்கு பிரகாசமாக்கிக் காட்டுவதாலும், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அப்பகுதியைப் பல அகச்சிவப்பு வடிகட்டிகளின் வழியே படம்பிடித்ததாலுமே அதன் உள்ளமைப்பு தெரியவந்தது. அப்படங்கள் எல்லார்க்கும் திறந்துவைக்கப்பட்டவை என்பதால், நாகர்கோவில் கல்லூரியொன்றின் இயற்பியல் மாணவரும் அதே தரவுகளைக் கொண்டு இத்தகைய ஆய்வில் இறங்க முடியும். இது சிறிய செய்தி அன்று.

அதன் தொலைவு செம்பெயர்ச்சியால், அதாவது பேரண்ட விரிவினால் ஒளியின் அலைநீளம் நீண்டுவிட்ட அளவினால், கணிக்கப்பட்டது. அலக்நந்தாவின் செம்பெயர்ச்சி ஏறக்குறைய 4.05. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பதே நீட்சியின் மடங்கு ஆதலால், அங்கிருந்து புறப்பட்ட ஒளி சுமார் 5 மடங்கு நீண்டு நம்மை வந்தடைகிறது. புதிய விண்மீன்கள் சூடாக்கும் ஹைட்ரஜன் 0.656 மைக்ரோமீட்டரில் உமிழும் சிவப்பொளி, இங்கே 3.3 மைக்ரோமீட்டரை ஒட்டிய வடிகட்டியில் வந்து விழுகிறது. பல வடிகட்டிகளில் பதிந்த பிரகாசங்களை ஒப்பிட்டுப் பெற்ற முடிவுகளின்படி, அதன் குறுக்களவு சுமார் 30,000 ஒளியாண்டுகள். விண்மீன்களின் மொத்த நிறை சூரியனின் நிறையைப்போல் ஆயிரம் கோடி மடங்குக்குக் குறையாதது. ஆண்டுக்குச் சுமார் 60 சூரிய நிறை அளவுக்குப் புதிய விண்மீன்கள் அதில் பிறக்கின்றன. நம் பால்வழி மண்டலத்தில் பிறப்பதைப்போல் இது பல மடங்கு. கைகளின் வழியே விண்மீன் பிறக்கும் ஒளித்திரள்கள் கோத்த மணிகளைப்போல் வரிசையாகத் தெரிகின்றன. அதன் விண்மீன்களின் சராசரி வயதோ ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளே.

இந்தக் கடைசி எண்ணிலேயே வாதத்தின் உயிர் இருக்கிறது. வட்டின் விளிம்பு வினாடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், 15,000 ஒளியாண்டு ஆரத்தில் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகள் ஆகும். அப்படியெனில் அதன் விண்மீன்களில் பெரும்பகுதி பிறந்தபின் வட்டு ஓரிரு சுற்றுகளுக்குமேல் சுற்றியிருக்க இயலாது. பல சுற்றுகளினூடே மெல்ல உருவாகி நிலைபெறுவதாகக் கருதப்படும் 'அடர்த்தி அலை', அதாவது வட்டின் ஊடே நகரும் நெரிசல் அலை, இக்கைகளுக்குக் காரணமாயின், அதற்குக் கிடைத்த காலம் மிகக் குறுகியது.

மற்றொரு விளக்கம், அருகே கடந்துசென்ற சிறு மண்டலமொன்றின் ஈர்ப்பு ஓதம் வட்டைக் கிளறி இரு கைகளை எழுப்பியது என்பது. 1845இல் ராஸ் பிரபு முதன்முதலில் சுருள் வடிவைக் கண்ட எம்51 மண்டலத்தின் ஒரு கை நுனியில் அத்தகைய துணை மண்டலம் இன்றும் உள்ளது. நம் பால்வழியின் துணைகளுள் ஒன்றான பெரிய மெகல்லன் முகில், நாஞ்சில் நாட்டின் தென்கடலுக்குமேல் தை மாத இரவுகளில் 12 பாகை உயரத்துக்கே எழும் மங்கலான திட்டு. அதுவே பால்வழி வட்டின் விளிம்பை வளைக்கும் அளவுக்கு நிறை கொண்டது எனக் கணிக்கப்படுகிறது. இவ்வகைக் கைகள் விரைவில் எழுந்து விரைவில் கலைபவையாதலால், அலக்நந்தாவின் குறுகிய வயதோடு இவ்விளக்கமே நன்கு பொருந்துகிறது.

எனினும் எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒரு நிபந்தனை மாறாது. வட்டிலுள்ள விண்மீன்களும் வாயுவும் ஒழுங்கற்ற திசைகளில் மிகையான வேகத்துடன் அலைந்தால், எழும் அலை உடனே கரைந்துவிடும். ஆகவே அக்கைகள் தெளிவாக நிற்பதே வட்டு ஏற்கெனவே அடங்கியிருந்தது என்பதற்குச் சான்று. தொடக்கக் கால மண்டலங்கள் கொந்தளிப்பும் ஒழுங்கற்ற திரட்சிகளுமாகவே இருந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு, எல்லா மண்டலங்களுக்குமான விதியாக இனி நிற்க முடியாது.

இதை உறுதிசெய்வது படங்களின் வேலை அன்று. நிறமாலையைப் பகுதி பகுதியாகப் பதிவுசெய்து, வட்டின் ஒருபுறம் நம்மை நோக்கியும் மறுபுறம் விலகியும் நகரும் வேகத்தையும், அதனூடே உள்ள வேகச் சிதறலையும் அளக்கவேண்டும். சுழற்சி வேகத்தைவிடச் சிதறல் பல மடங்கு குறைவாக இருந்தால் இங்கு முன்வைத்த வாதம் நிலைக்கும். இரண்டும் நெருங்கிய அளவினவாக இருந்தால், இவ்வாறு சிதறல் மிகுந்த, அதாவது 'சூடான', வட்டிலும் சுருள் கைகள் எவ்வாறு நிற்கின்றன என்பதைக் கோட்பாட்டாளர்கள் விளக்கவேண்டியிருக்கும்.